மோட்டார் காரின் மின்பொறி

பெட்ரோலில் ஓடும் மோட்டார் கார் ஒவ்வொன்றினுள்ளும், கண்ணுக்குப் புலப்படாத இடத்தில், ஒரு சிறு மின்னல் ஓயாமல் தோன்றி மறைந்துகொண்டிருக்கிறது. நான்கு சிலிண்டர்கள் கொண்ட எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 முறை சுழலும்போது வினாடிக்கு 100 மின்பொறிகள் தேவைப்படுகின்றன. இவற்றுள் நூற்றுக்கு ஒன்று தவறினாலும், வினாடிதோறும் ஒரு முறை, எரியாத பெட்ரோல் ஆவி புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. ஒரு வண்டியளவில் இது சிறு குறையே. ஆயின், பல லட்சம் வண்டிகள் ஓடும் டில்லி போன்ற மாநகரில் அச்சிறு குறை மக்கள் சுவாசிக்கும் காற்றின் குறையாகிவிடுகிறது. ஆகவே, மின்பொறி எவ்வாறு உண்டாக்கப்படுகிறது, எலக்டிரானிக் முறை வந்தபின் அதில் என்ன மாறுதல் ஏற்பட்டது என்பவை காரோட்டுவோர் மட்டுமன்றி யாவரும் அறியத்தக்க செய்திகளாகும்.

பொறியின் இரு கடமைகள்

எடையில் ஏறத்தாழ 15 பங்கு காற்றும் ஒரு பங்கு பெட்ரோலும் சேர்ந்த கலவை சிலிண்டருக்குள் இழுக்கப்படுகிறது. பிஸ்டன் மேலேறி அக்கலவையை எட்டில் ஒரு பங்கு அல்லது பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் அடக்குகிறது. அந்நிலையில் ஸ்பார்க் பிளக்கின் இரு முனைகளுக்கும் இடையே மின்பொறி பாய்ந்து கலவையைப் பற்றவைக்கிறது. எரிந்த வாயு விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. இத்தள்ளுதலே காரை ஓட்டும் ஆற்றல்.

பிளக்கின் முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவே. திறந்த வெளியில் இவ்விடைவெளியைத் தாண்ட இரண்டாயிரம் அல்லது மூவாயிரம் வோல்ட் போதும். ஆனால் அழுத்தப்பட்ட வாயுவில் மூலக்கூறுகள் நெருங்கி நிற்பதால், பொறி பாய்வதற்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் வோல்ட் வரை வேண்டியிருக்கிறது. காரின் பாட்டரியோ 12 வோல்ட் மட்டுமே தரவல்லது. எனவே பற்றவைக்கும் அமைப்புக்குக் கடமைகள் இரண்டு: 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துவது ஒன்று, அந்த மின்விசையைச் சரியான சிலிண்டருக்குச் சரியான கணத்தில் கொண்டு சேர்ப்பது மற்றொன்று.

கெட்டரிங் வகுத்த முறை

மோட்டார் காரின் தொடக்க காலத்தில் மாக்னெட்டோ என்னும் கருவியே மின்பொறியைத் தந்தது. ஜெர்மனியில் ராபர்ட் பாஷின் தொழிற்சாலையில் பணியாற்றிய காட்லோப் ஹோனால்ட் 1902ஆம் ஆண்டில் உயர் அழுத்த மாக்னெட்டோவை உருவாக்கினார். பின்னர், அமெரிக்கப் பொறியியல் அறிஞர் சார்லஸ் கெட்டரிங் பாட்டரியைக் கொண்டு இயங்கும் முறையொன்றை வகுத்தார். 1910ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் அது இடம்பெற்றது. அதன் பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உலகின் பெரும்பாலான பெட்ரோல் கார்கள் அம்முறையையே பின்பற்றின. 1958 முதல் 2014 வரை உத்தர்பாராவில் தயாராகி, டில்லியின் டாக்ஸிகளாகவும் அரசாங்க வண்டிகளாகவும் ஓடிய அம்பாஸடர் காரின் தொடக்க கால எஞ்சின்களிலும் இருந்தது இதுவே.

இம்முறையின் உயிர் நிலை ‘காயில்’ எனப்படும் கம்பிச் சுருள். ஓர் இரும்பு உள்ளகத்தின்மீது தடித்த கம்பி சில நூறு சுற்றுகளும், மெல்லிய கம்பி ஏறத்தாழ 20,000 சுற்றுகளும் சுற்றப்பட்டிருக்கும். முன்னது முதற் சுருள். பின்னது இரண்டாம் சுருள். பாட்டரியிலிருந்து முதற் சுருளில் 3 அல்லது 4 ஆம்பியர் மின்னோட்டம் பாயும்போது இரும்பைச் சுற்றிக் காந்தப் புலம் உண்டாகிறது. அம்மின்னோட்டத்தைத் திடீரென அறுத்துவிட்டால் காந்தப் புலம் நொடிப் பொழுதில் அழிகிறது. மாறும் காந்தப் புலம் கம்பியில் மின்விசையைத் தூண்டும் என்று மைக்கேல் பாரடே 1831இல் கண்டார். அவ்விதியின்படி முதற் சுருளில் 250 முதல் 300 வோல்ட் வரையும், நூறு மடங்கு சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுருளில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேலும் எழுகின்றன. வேகமாக ஓடும் வாய்க்கால் நீரைத் திடீரெனப் பலகையிட்டு அடைத்தால், நீர் கரைமீறி எழுவதை இதற்கு ஒப்பிடலாம்.

மின்னோட்டத்தை அறுக்கும் பணியைச் செய்வது ஒரு ஜோடி உலோகத் தொடுமுனைகள். பட்டறைகளில் இவற்றை ‘பாயிண்ட்’ என்பர். எஞ்சினுடன் சேர்ந்து சுழலும் ஒரு தண்டின் புடைப்புகள் இம்முனைகளைத் தள்ளித் திறக்கும். பிரியும் முனைகளுக்கிடையே மின்னோட்டம் வில்லாக எரியாதிருக்கும் பொருட்டு அவற்றின் குறுக்கே ஒரு கண்டென்ஸர் இணைக்கப்பட்டிருக்கும். இரண்டாம் சுருளில் எழுந்த மின்விசையை டிஸ்டிரிபியூட்டர் என்னும் பங்கீட்டுக் கருவி ஒவ்வொரு பிளக்குக்கும் முறையே அனுப்பிவைக்கும்.

இந்தியாவில் இப்பொருள்களின் உற்பத்தி சுதந்திரத்துக்குப் பின் வளர்ந்தது. 1951இல் பெங்களூரில் தோன்றிய மைகோ நிறுவனம் ஸ்பார்க் பிளக்குகளைச் செய்தது. 1961இல் சென்னையை அடுத்த பாடியில் நிறுவப்பட்ட லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் மோட்டார் வண்டிகளுக்கான மின் கருவிகளைத் தயாரிக்கலாயிற்று.

பழைய முறையின் குறைகள்

எளிமையே இம்முறையின் சிறப்பு. வழியில் வண்டி நின்றுவிட்டால், பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து ஓட்டிச் செல்ல ஓட்டுநராலேயே முடியும். எனினும், அதன் குறைகளும் அத்தொடுமுனைகளிலேயே அடங்கியிருந்தன.

முதலாவது, தொடுமுனைகள் 4 அல்லது 5 ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டத்தை அடிக்கடி அறுத்தால் விரைவில் கருகிவிடும். சுருளில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவது. மின்னோட்டம் பாதியானால் ஆற்றல் கால் பங்காகும். எஞ்சின் நிமிஷத்துக்கு 6,000 முறை சுழன்றால், இரு பொறிகளுக்கிடையே கிடைக்கும் காலம் வினாடியில் ஆயிரத்தில் 5 பங்கு மட்டுமே. அதிலும் தொடுமுனைகள் மூடியிருப்பது 3 பங்கு அளவே. அதற்குள் மின்னோட்டம் முழு அளவுக்கு வளர இயலாது. ஆகவே வேகம் மிகுந்த நேரத்தில் பொறி தளர்ந்தது.

இரண்டாவது, புடைப்பின்மீது உராயும் கட்டை நாளடைவில் தேயும். ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டராக இருக்கவேண்டிய இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் முனைகள் தாமதித்துத் திறக்கும், பொறியும் தாமதமாகும். பெட்ரோல் செலவு மிகும், புகை கூடும். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை இடைவெளியை அளந்து சரிசெய்ய வேண்டியிருந்தது. இதைச் செய்யாமல் விட்ட வண்டிகளே மிகுதி.

மூன்றாவது, டில்லியின் பருவங்களும் இம்முறையைச் சோதித்தன. ஜனவரி மாதக் குளிரில் எஞ்சினின் எண்ணெய் கெட்டியாகும். ஸ்டார்ட்டர் மோட்டார் மிகுந்த மின்னோட்டத்தை இழுப்பதால் பாட்டரியின் அழுத்தம் 12 வோல்ட்டிலிருந்து 9 அல்லது 8 வோல்ட்டுக்குத் தாழும். பெட்ரோல் நன்கு ஆவியாகாத அந்நேரத்தில்தான் வலிய பொறி தேவை. அந்நேரத்தில்தான் பொறி நலிந்தது. மழைக்காலத்தில் டிஸ்டிரிபியூட்டரின் மூடியில் ஈரம் படிந்தால், மின்விசை பிளக்கை அடையாமலே கசிந்து போயிற்று.

டிரான்ஸிஸ்டரின் வருகை

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் டிரான்ஸிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. அசையும் உறுப்பு எதுவுமின்றி, சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரு மின்னோட்டத்தைத் திறக்கவும் மூடவும் வல்லது அது. வானொலிப் பெட்டிக்குப் பயன்பட்ட இக்கருவி, 1960ஆம் ஆண்டுகளில் காரின் பற்றவைப்புக்கும் வந்து சேர்ந்தது.

முதற்கட்டத்தில் பாயிண்ட் நீக்கப்படவில்லை. அதன் சுமை மட்டும் குறைக்கப்பட்டது. டிரான்ஸிஸ்டருக்குக் கட்டளையிடப் போதுமான மிகச் சிறு மின்னோட்டமே பாயிண்ட் வழியே சென்றது. சுருளின் முழு மின்னோட்டத்தையும் டிரான்ஸிஸ்டர் ஏற்றது. கருகுதல் நின்றது, தேய்தல் நிற்கவில்லை. அடுத்த கட்டத்தில் பாயிண்ட்டே அகற்றப்பட்டது. 1973இல் கிரைஸ்லர் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற தன் கார்கள் அனைத்திலும் எலக்டிரானிக் பற்றவைப்பை அமைத்தது. 1970ஆம் ஆண்டின் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் இம்மாறுதலை விரைவுபடுத்திற்று. தேய்மானத்தால் நாள்தோறும் மாறும் கருவியைக் கொண்டு, பல்லாயிரம் மைல் தூரத்துக்குப் புகையை ஒரே அளவில் வைத்திருக்க இயலாதன்றோ!

பாயிண்ட் போனபின் மின்னோட்டத்தை 7 அல்லது 8 ஆம்பியர் வரை உயர்த்த முடிந்தது. விரைவில் மின்னோட்டம் நிறையும்படி சுருளும் புதிதாக அமைக்கப்பட்டது. இதனால் முப்பதாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் எளிதாயிற்று. பிளக்கின் இடைவெளியை ஒரு மில்லிமீட்டருக்கு மேலும் அகற்ற முடிந்தது. அகன்ற இடைவெளியில் பாயும் நீண்ட பொறி, பெட்ரோல் குறைந்த கலவையையும் தவறாமல் பற்றவைக்கும்.

மோட்டார் சைக்கிள்களில் பெரிதும் வழங்குவது இதன் மற்றொரு வகை. அதில் ஆற்றல் சுருளின் காந்தப் புலத்தில் சேமிக்கப்படுவதில்லை; 300 வோல்ட் அளவுக்கு நிரப்பப்பட்ட கண்டென்ஸரில் சேமிக்கப்பட்டு, வேண்டிய கணத்தில் சுருளின் வழியே கொட்டப்படுகிறது. அப்பொறி மிக விரைவாக எழும். மிகக் குறுகிய காலமே நிலைக்கும்.

கணத்தை உணர்த்தும் கருவிகள்

பாயிண்ட் இல்லையெனில், பிஸ்டன் எங்கிருக்கிறது என்பதை டிரான்ஸிஸ்டருக்கு உணர்த்துவது எது? இதற்கு இரு வழிகள் காணப்பட்டன. ஒன்றில், சுழலும் தண்டில் பற்கள் கொண்ட இரும்புச் சக்கரம் பொருத்தப்படும். அருகில் ஒரு காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கும். ஒவ்வொரு பல்லும் காந்தத்தைக் கடக்கும்போது சுருளில் சிறு மின் துடிப்பு எழும். ஒன்றையொன்று தொடாத இவ்வுறுப்புகளுக்குத் தேய்மானம் இல்லை.

மற்றொரு வழி, எட்வின் ஹால் என்னும் அமெரிக்க பௌதிக விஞ்ஞானி 1879இல் கண்ட விளைவைப் பயன்படுத்துவது. மின்னோட்டம் பாயும் மெல்லிய தகட்டின்மீது காந்தப் புலம் செங்குத்தாக விழுந்தால், தகட்டின் பக்கங்களுக்கிடையே சிறு மின்னழுத்தம் தோன்றும். காந்தத்துக்கும் தகட்டுக்கும் இடையே, இடைவெளிகள் கொண்ட இரும்பு மறைப்பு ஒன்று சுழன்றால், அழுத்தம் தோன்றுவதும் மறைவதும் மாறிமாறி நிகழும். எஞ்சின் மிக மெதுவாகச் சுழலும்போதும் இக்கருவி தெளிவான அடையாளம் தரும்.

பொறி முந்துவதேன்?

வைக்கோற் போரின் ஒரு மூலையில் பற்றிய தீ முழுவதும் பரவக் காலம் பிடிப்பதுபோல, சிலிண்டருக்குள்ளும் தீ பரவச் சிறிது காலம் செல்லும். அது வினாடியில் ஆயிரத்தில் 2 பங்கு எனக் கொள்வோம். நிமிஷத்துக்கு 3,000 சுழற்சி என்னும் வேகத்தில் அக்காலத்துக்குள் எஞ்சினின் அச்சு 36 டிகிரி திரும்பிவிடும். பிஸ்டன் உச்சியை எட்டிய பின் பற்றவைத்தால், தீ பரவுவதற்குள் பிஸ்டன் கீழிறங்கிவிடும், ஆற்றல் வீணாகும். ஆகவே பொறி முன்னதாகவே எழவேண்டும். மெதுவாக ஓடும்போது சில டிகிரியும், வேகமாக ஓடும்போது 30 டிகிரி அளவும் முந்தவேண்டும்.

மிகுதியாக முந்தினாலும் தீங்குண்டு. எஞ்சிய கலவை தானே வெடித்து, பிஸ்டன்மீது சுத்தியல் அடித்தாற்போன்ற ஓசை எழும். பட்டறையில் ‘நாக்கிங்’ எனப்படுவது இதுவே. பழைய கார்களில் சுழலும் எடைகளும் விற்சுருளும் வெற்றிட அறையும் சேர்ந்து இம்முந்துதலை ஏறத்தாழ அமைத்துவந்தன.

இன்றைய கார்களில் இப்பணியைச் சிறு கணிப்பொறி ஏற்றுள்ளது. எஞ்சினின் வேகம், உள்ளிழுக்கும் காற்றின் அளவு, நீரின் வெப்பநிலை ஆகியவற்றை உணர்கருவிகள் ஓயாமல் தெரிவிக்கின்றன. ஒவ்வொரு நிலைக்கும் உகந்த முந்துதல் அதன் நினைவில் அட்டவணையாகப் பதிக்கப்பட்டிருக்கிறது. எஞ்சின் சுவரில் பொருத்தப்பட்ட படிகக் கருவியொன்று வெடிப்பொலியைக் கேட்டால், கணிப்பொறி பொறியைச் சில டிகிரி தாமதப்படுத்தும்; ஒலி நின்றபின் மெல்ல முன்னிலைக்குக் கொணரும். பாட்டரியின் அழுத்தம் தாழ்ந்தால், சுருளில் மின்னோட்டம் பாயும் காலத்தை நீட்டிக்கும். டில்லியின் குளிர்காலக் காலையில் கார் எளிதில் கிளம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். டிஸ்டிரிபியூட்டரும் மறைந்து, ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிச் சுருள் அமர்ந்துவிட்டது. மழை ஈரத்தால் மின்விசை கசியும் தொல்லையும் பெரிதும் நீங்கிற்று.

டில்லியின் அனுபவம்

1983 டிசம்பர் 14ஆம் நாள் குர்காவிலிருந்து முதல் மாருதி கார் வெளிவந்தது. அதன் பின்னர் டில்லித் தெருக்களில் கார்களின் தொகை விரைந்து பெருகிற்று, காற்றும் மாசடைந்தது. வழக்கறிஞர் எம்.ஸி. மேத்தா 1985இல் தொடுத்த பொதுநல வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு பல ஆணைகளைப் பிறப்பித்தது. 1995 ஏப்ரல் முதல் டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலும் புதிய பெட்ரோல் கார்களில் வினையூக்கி மாற்றி பொருத்தப்படவேண்டும் என விதிக்கப்பட்டது. அவற்றுக்கெனக் காரீயம் கலவாத பெட்ரோலும் வழங்கப்பட்டது. 2000 பிப்ரவரிக்குள் நாடெங்கும் காரீயம் கலந்த பெட்ரோல் நீங்கிற்று.

காரீயம் நாக்கிங்கைத் தடுப்பதற்காகச் சேர்க்கப்பட்டதாகும். அது நீங்கியதால், பெட்ரோலின் தன்மையோடு பொறியின் கணத்தைச் செம்மையாகக் காப்பதும் முக்கியமாயிற்று. வினையூக்கி மாற்றியின் தேவையோ இன்னும் கடுமையானது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் பூசப்பட்ட பீங்கான் தேனடை போன்றது அம்மாற்றி. கார்பன் மானாக்ஸைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்ஸைடு ஆகியவற்றைத் தீங்கு குறைந்த வாயுக்களாக அது மாற்றும். ஒரு பிளக்கில் பொறி தவறினால், எரியாத கலவை நேரே மாற்றியை அடைந்து அங்கே எரியும். பீங்கான் உருகிப் பாழாகும் அளவுக்கு வெப்பம் ஏறக்கூடும். அதன் பின் அக்கார் எத்தனை பழுது பார்த்தாலும், மாற்றியைப் புதுப்பிக்கும்வரை நச்சுப் புகையையே கக்கும். பட்டறைகளில் ‘மிஸ்ஸிங்’ என்று எளிதாகச் சொல்லப்படும் கோளாறின் விலை இதுதான்.

1999 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு இட்ட ஆணையின்படி, தேசியத் தலைநகரப் பகுதியில் பதிவாகும் புதிய தனியார் கார்களுக்கு, ஐரோப்பிய முதல் நிலை விதிகள் அவ்வாண்டு ஜூன் முதலும், இரண்டாம் நிலை விதிகள் 2000 ஏப்ரல் முதலும் நடைமுறைக்கு வந்தன. கார்புரேட்டர் பின்னடைந்து, பெட்ரோலையும் பொறியையும் ஒருங்கே ஆளும் கணிப்பொறி இந்தியக் கார்களில் இடம்பெற இது பெருங்காரணமாயிற்று. புகைச் சோதனை நிலையங்களின் அளவுகளே முன்னேற்றத்தைக் காட்டும். எஞ்சின் நின்ற நிலையில் ஓடும்போது, பழைய கார்களின் புகையில் நூற்றுக்கு 3 பங்கு வரை கார்பன் மானாக்ஸைடு அனுமதிக்கப்பட்டது. பாரத் இரண்டாம் நிலைக் கார்களுக்கு அது 0.5 பங்காகவும், நான்காம் நிலைக் கார்களுக்கு 0.3 பங்காகவும் குறைந்தது.

இயற்கை வாயுவும் மின்பொறியும்

டில்லியின் பஸ்களிலும் மின்பொறிக்கு ஒரு வரலாறு உண்டு. டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றை மிகுதியாக அழுத்துவதால் எழும் வெப்பத்திலேயே டீசல் எண்ணெய் பற்றிக்கொள்ளும். 1998 ஜூலை 28ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டு, டில்லியின் பஸ்கள் அனைத்தும் அழுத்தப்பட்ட இயற்கை வாயுவுக்கு மாறவேண்டுமென ஆணையிட்டது. 2002ஆம் ஆண்டின் இறுதிக்குள் நகர டீசல் பஸ்கள் விலக்கப்பட்டன. இயற்கை வாயுவின் பெரும் பகுதி மீத்தேன். தானே பற்றிக்கொள்ள அதற்கு 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். அழுத்தத்தால் மட்டும் அதை எளிதில் எரியச் செய்ய இயலாது. ஆகவே, இதுகாறும் மின்பொறியே அறியாதிருந்த பஸ் எஞ்சின்களுக்குப் பிளக்கும் சுருளும் கணிப்பொறியும் தேவைப்பட்டன.

மீத்தேன் கலவையில் பொறி பாய்வதற்குப் பெட்ரோல் கலவையைவிட உயர்ந்த அழுத்தம் வேண்டும். தீயும் சற்று மெதுவாகப் பரவும். எனவே பொறி இன்னும் முந்தவேண்டும். பிளக்கின் இடைவெளி குறுகியிருக்கவேண்டும். வாயுவில் ஓடும் ஆட்டோ ரிக்ஷாக்களிலும் டாக்ஸிகளிலும் தேய்ந்த பிளக்கை மாற்றாது விட்டால் பொறி தவறுதல் விரைவில் நேர்வதன் காரணம் இதுவே.

காப்பும் கவனமும்

எலக்டிரானிக் முறை குறையற்றதன்று. பழைய பாயிண்ட் மெல்ல மெல்லக் கெட்டு, முன்னறிவிப்புத் தரும். எலக்டிரானிக் கருவியோ வெப்பத்தாலோ தளர்ந்த இணைப்பாலோ திடீரெனச் செயலிழக்கும். அதை வழியில் தேய்த்துச் சரிசெய்ய இயலாது; மாற்றத்தான் வேண்டும். பழைய வண்டியில் செய்வதுபோல், எஞ்சின் ஓடுகையில் பிளக்கின் கம்பியைக் கழற்றிப் பொறி பார்ப்பதும் தகாது. முப்பதாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட விசை மனிதனுக்கும் கருவிக்கும் ஆபத்தானது.

புதிய கார்கள் பொறி தவறுவதைத் தாமே கண்டுகொள்ளும் திறன் பெற்றுள்ளன. ஒரு சிலிண்டர் எரியத் தவறினால் அச்சின் சுழற்சி கணநேரம் தளரும். அத்தளர்வைப் பற்சக்கரத்தின் துடிப்புகளிலிருந்து கணிப்பொறி அறிந்து, ஓட்டுநர் முன்னுள்ள எச்சரிக்கை விளக்கை ஏற்றும். அவ்விளக்கு மின்னிமின்னி எரியுமானால், பெரும்பாலும் வினையூக்கி மாற்றிக்குத் தீங்கு நேரத்தக்க அளவில் பொறி தவறுகிறது என்பது பொருள். வண்டி ஓடத்தான் செய்கிறதே என்று அதைப் புறக்கணிப்பது, சில நூறு ரூபாயில் முடியும் பிளக் வேலையைப் பல்லாயிரம் ரூபாய்ச் செலவாக மாற்றும்.

மின்பொறி செம்மையானால் டில்லியின் காற்று முழுதும் தூய்மையாகிவிடும் என்பதில்லை. சாலைப் புழுதி, தொழிற்சாலைப் புகை, வயல்களில் எரிக்கப்படும் தாள், வண்டிகளின் பெருகிவரும் தொகை ஆகிய காரணங்கள் பல உண்டு. மின்சாரத்தால் ஓடும் கார்களுக்கு மின்பொறியே தேவையில்லை. ஆயினும், பெட்ரோலிலும் இயற்கை வாயுவிலும் ஓடும் பல லட்சம் வண்டிகள் இன்னும் பல ஆண்டுகள் தெருக்களில் இருக்கும். அவற்றின் பிளக்குகளைக் குறித்த தூரத்தில் மாற்றுவதும், எச்சரிக்கை விளக்கை மதிப்பதும், புகைச் சோதனையை வெறும் சடங்காக்காமல் உண்மையாகவே செய்துகொள்வதும் ஒவ்வொரு வண்டிக்காரராலும் இன்றே செய்யக்கூடிய பணிகளாகும்.